நாற்றுமேடையில் நாற்றழுகல் நோய்: அடையாளமும் பரிகாரமும்

மிளகாய், தக்காளி, கத்தரி, கோவா முதலிய பயிர்கள் தோட்டத்தில் நடப்படுமுன் மூன்று முதல் ஐந்து வாரங்கள் வரை நாற்றுமேடையில் வளர்க்கப்படுகின்றன. மேடை பத்தடி நீளமும் மூன்றடி அகலமுமே கொண்டதாயினும், வரும் போகத்தின் வருவாய் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கின்றது. மாலையிற் பசுமையாய் நின்ற நாற்றுக்கள் மறுநாட் காலையில் தரையோடு சாய்ந்து கிடப்பதைத் தோட்டஞ் செய்வோரிற் பெரும்பாலோர் ஒருமுறையேனும் கண்டிருப்பர். இதுவே நாற்றழுகல் நோயாகும்.

இந்நோயால் ஏற்படும் நட்டத்தை விதையின் விலையைக் கொண்டு மட்டும் கணக்கிடுதல் கூடாது. கலப்பின விதையின் விலை இக்காலத்திற் சிறிதன்று என்பது உண்மையே. ஆயினும் பணங் கொடுத்து மீளப் பெறமுடியாத பொருள் ஒன்றுண்டு, அது காலம். மேடை அழிந்தபின் மீண்டும் விதைத்து நாற்றெடுக்க ஒரு மாதம் செல்லும். அதற்குள் நடுகைக்கு ஏற்ற ஈரம் நிலத்தை விட்டு நீங்கிவிடலாம். அல்லது பூக்குங் காலம் கடுமழையில் அகப்படலாம். கிணற்று நீரை நம்பியவருக்குக் கடைசி அறுவடைகளின்போது நீர் போதாமற் போகலாம். இக்காரணத்தாலேயே இந்நோய் விதைக்குமுன் தடுக்கப்படவேண்டிய நோயாகக் கருதப்படுகின்றது. சாய்ந்த நாற்றை நிமிர்த்தவல்ல மருந்து எதுவும் இல்லை.

நோயை உண்டாக்குவன யாவை?

நாற்றழுகல் ஒரே கிருமியால் உண்டாவதன்று. மண்ணில் இயல்பாகவே வாழும் பல உயிர்கள் இதற்குக் காரணமாகின்றன. அவற்றுள் முதன்மையானவை பித்தியம், ரைசொற்றோனியா என்னும் இரண்டாகும். பியூசேரியம், பைற்றொப்தொரா என்பனவும் சிற்சில இடங்களிற் காணப்படும். இவ்விரு முதன்மைக் கிருமிகளின் இயல்பையும் கமக்காரர் பிரித்தறிதல் மிக அவசியம்; ஏனெனில் ஒன்றை அடக்கும் மருந்து மற்றதைத் தீண்டுவதில்லை.

பித்தியம் நீரை நாடும் உயிர். அதன் வித்திகள் வாலுடையனவாய், மண்துணிக்கைகளுக்கிடையே நிற்கும் நீரில் நீந்திச் சென்று இளவேரைப் பற்றுகின்றன. முன்னாளில் இது பங்கசு இனத்தோடு சேர்த்து எண்ணப்பட்டது. இன்றைய ஆராய்ச்சியின்படி இது காளானுக்கு உறவினதன்று. கடலில் வளரும் கபிலநிறப் பாசிகளுக்கே நெருங்கிய உறவினது. கமக்காரருக்கு இதனாலாய பயன் யாதெனின், நீர் தேங்காத மேடையில் பித்தியம் பெருந்தீங்கு செய்ய இயலாது என்பதை எளிதில் விளங்கிக் கொள்ளலாம்.

ரைசொற்றோனியா உண்மையான பங்கசு. அதற்கு நீந்தும் வித்திகள் இல்லை. அது நூல்போன்ற இழைகளாக மண்ணின் மேற்பரப்பில் ஊர்ந்து ஒரு நாற்றிலிருந்து அடுத்த நாற்றுக்குச் செல்கின்றது. பயிரில்லாத காலத்திற் கடுகளவினவான கபிலநிறக் கட்டிகளாக மண்ணிலும் பயிர்க்கழிவிலும் பல மாதங்கள் கிடந்து, ஈரமும் இளம்பயிரும் வாய்த்தபோது முளைத்தெழுகின்றது. இதற்கு மண் சேறாக இருக்கவேண்டுமென்பதில்லை. மிதமான ஈரமே போதும்.

நெற்செய்கையாளரும் இப்பங்கசினை அறிந்தவரே. பயிர் மட்டம் வெடிக்குங் காலத்தில் நீர்மட்டத்தை அடுத்த இலைமடல்களிற் சாம்பல் கலந்த பச்சைநிற நீள்வட்டப் புள்ளிகள் தோன்றி, பின்னர் நடுவில் வெளிறி ஓரத்திற் கபிலநிறம் பெறுவதுண்டு. இந்த மடல் நோயை உண்டாக்குவதும் ரைசொற்றோனியாவே. வீட்டு முற்றத்துப் புற்றரையில் வட்டம் வட்டமாகப் புல் கருகி, அதிகாலைப் பனியிற் சிலந்திவலைபோன்ற வெண்ணிழைகள் காணப்படின் அதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. இவை ஓரினத்தின் வெவ்வேறு கிளைகளாதலின், வயலை வருத்தும் கிளை ஒவ்வொன்றும் மிளகாய் நாற்றை அதேயளவில் வருத்துமென்று கொள்ளலாகாது. என்றாலும், சிறுபோகத்தில் வயல் நிலத்தில் மரக்கறி செய்வோர், நோய்கண்ட வயலின் வைக்கோல் அடிக்கட்டைகளை நாற்றுமேடையின் மண்ணோடு கலந்து கொத்துதலைத் தவிர்ப்பது நன்று. வயல் வாய்க்காலில் மிதந்துவரும் கட்டிகள் மேடையைச் சேராவண்ணம், நாற்றுக்குக் கிணற்று நீரையே ஊற்றுதலும் நன்று.

நோயை அறியும் வழி

நோய் இரு பருவங்களில் தாக்கும். முதலாவது, முளை நிலத்தைப் பிளந்து வெளிவருமுன் மண்ணுக்குள்ளேயே அழுகுதல். இதைக் கண்ணாற் காண முடியாமையால், விதை பழுதென்று விற்றவர்மீது குற்றஞ் சுமத்துவோர் பலர். வரிசையில் இடைவெளி காணப்படுமிடத்தில் மண்ணை மெல்லக் கிளறி விதையை எடுத்துப் பார்த்தல் வேண்டும். விதை முளைக்காமல் உறுதியாகவே இருப்பின் குற்றம் விதையினுடையதாகலாம், அல்லது ஆழமாக விதைத்தமையாலாகலாம். நசுக்கினாற் குழைந்து, முளை கபிலநிறமாய் இருப்பின் அது நாற்றழுகல். விதையே காணப்படாவிடின் எறும்பு கொண்டுசென்றிருக்கும்.

இரண்டாவது பருவம், முளைத்துச் சில நாட்களின்பின் தண்டின் அடி தாக்கப்படுதல். மண்ணைத் தொடுமிடத்தில் தண்டு முதலில் நீரூறியதுபோலாகி, பின்னர் சுருங்கி, மேற்பாரத்தைத் தாங்கமாட்டாது சாய்கின்றது. சாயும்போது இலைகள் பசுமையாகவே இருக்கும். இதுவே இந்நோயின் தெளிவான குறியாகும். நீரின்றி வாடும் நாற்றில் இலை முதலில் துவளும், தண்டு பின்னரே சாயும். மேலும், நாற்றழுகல் மேடை முழுவதும் ஒருங்கே தோன்றுவதில்லை. ஒரு கையகலத் திட்டாகத் தொடங்கி நாளுக்கு நாள் வட்டமாக விரிவடையும். திட்டின் நடுவில் நாற்றுக்கள் உலர்ந்து கிடக்க, விளிம்பிற் புதிதாய்ச் சாய்ந்தன காணப்படும்.

இனி, எந்தக் கிருமி என்பதை ஓரளவிற்கு வீட்டிலிருந்தவாறே அறியலாம். சாயத் தொடங்கிய நாற்றொன்றை மெதுவாகப் பிடுங்குக. வேரின் மேற்றோல் உறைபோலக் கழன்று மண்ணில் நிற்க, நடுநரம்பு மட்டும் நூலாகக் கையோடு வருமாயின், அதனொடு அழுகல் மென்மையாகவும் நீர்த்தன்மையாகவும் இருக்குமாயின், பித்தியமென ஐயுறலாம். தண்டின் அடியிற் செங்கபிலநிறமாய்க் குழிந்த உலர்ந்த புண் காணப்பட்டு, பிடுங்கிய நாற்றின் அடியில் மெல்லிய இழைகளிற் கோத்தவைபோல மண்துணிக்கைகள் தொங்குமாயின், ரைசொற்றோனியா எனக் கொள்ளலாம். இச்சோதனையை வெயிலேறுமுன் செய்தல் வேண்டும். வெயிலேறியபின் இழைகள் புலப்படா. மலைநாட்டிற் கோவா நாற்றுக்களில் இரண்டாவது வகை பெரிதுங் காணப்படும். அவை சாயாமல், அடித்தண்டு கம்பிபோல் மெலிந்து கறுத்து நிற்பதுமுண்டு. அத்தகைய நாற்று உயிர் தப்பியதென்று நட்டால், பின்னர் காற்றுக்கு முறியும், அல்லது குட்டையாய் நின்று நல்ல கோவா கட்டாது.

நாற்றுச் சாய்ந்ததெல்லாம் நோயென்று எண்ணி மருந்து வாங்குவதும் வீண்செலவே. வெட்டுப்புழு இரவில் தண்டைக் கடித்துத் துண்டிக்கும். அவ்விடத்தில் வெட்டுவாய் தெளிவாய் இருக்கும், அழுகல் இராது. அருகில் ஓரங்குல ஆழத்திற் கிளறினாற் சுருண்டு கிடக்கும் புழுவைக் காணலாம். நிழல் திடீரென நீக்கப்பட்ட மேடையிற் சுடுமண் தண்டின் அடியைச் சுட்டு வெண்ணிற வளையமொன்றை உண்டாக்கும். இது நண்பகலின் பின் தோன்றும், திட்டாகப் பரவாது. யூரியாவைத் தூவிய மேடையில் இலைநுனியும் ஓரமும் கருகும். இம்மூன்றுக்கும் பங்கசு நாசினியாற் பயனில்லை.

மேடை அமைத்தல்

தண்ணீர் வடியக்கூடியதும், காலை வெயில் விழுவதும், சென்ற போகத்தில் மிளகாய், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு என்பவற்றைச் செய்யாததுமான இடத்தைத் தெரிதல் வேண்டும். கிணற்றுக்கு அருகென்ற ஒரே காரணத்தால் ஆண்டுதோறும் ஒரே மூலையில் மேடை கட்டுவது பலரின் வழக்கம். அம்மூலையில் நோயும் ஆண்டுதோறும் வளர்ந்து வருகின்றது. மண்ணை ஓரடி ஆழங் கொத்திக் கட்டிகளை உடைத்து, மேடையைத் தரைமட்டத்திலிருந்து ஆறங்குலம் உயர்த்துக. மாரிகாலத்தில் இன்னும் உயர்த்துதல் தகும். சுற்றிலும் வடிகால் இருத்தல் வேண்டும். அவ்வடிகால் நீர் வெளியே போகும் வழியைக் கொண்டிருத்தலும் வேண்டும். வழியற்ற வடிகால் குளமாகவே முடியும்.

மக்கிய கூட்டெருவை மட்டுமே சேர்க்கலாம். பச்சை மாட்டெருவும் அரைகுறையாய் மக்கிய சருகும் ரைசொற்றோனியாவுக்கு உணவாவதோடு நாற்றை மிதமிஞ்சிய மென்மையாக்கவுஞ் செய்யும். நாற்றுமேடைக்கு யூரியா தேவையில்லை.

மண்ணை நெருப்பாலும் வெயிலாலும் தூய்மைசெய்தல்

விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகக் கூறிவரும் முறை வைக்கோலும் உமியுங் கொண்டு மேடையை எரித்தலாகும். மேடையின்மீது காய்ந்த வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் உமியை இரண்டங்குலத் தடிப்பிற் பரப்பி, மீண்டும் அவ்வாறே ஓரடுக்கு இட்டு, காற்று வீசும் திசைக்கு எதிராகத் தீ நகரும்படி கொளுத்துதல் வேண்டும். காற்றோடு கொளுத்தினால் வைக்கோல் விரைவில் எரிந்துபோகும். வெப்பம் மண்ணுள் இறங்காது. இம்முறையின் பயன் சுடரில் இல்லை, மெல்லக் கனலும் உமியிலேயே உள்ளது. முற்றும் ஆறியபின் மேலதிகச் சாம்பலை அகற்றிவிடுக. சாம்பல் மிகின் மண்ணிற் காரம் மிகும்; யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது.

வைக்கோல் அரிதான இடங்களில் வெயிலையே பயன்படுத்தலாம். ஈரமான மண்ணை மெல்லிய பொலித்தீன் தாளால் மூடிச் சூரிய வெப்பத்தாற் கிருமிகளை அழிக்கும் இம்முறையை இசுரவேல் நாட்டில் யாக்கோவ் காற்றான் என்பவரும் அவரது துணைவரும் 1976ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டனர். உலர்வலயத்தில் ஆவணி, புரட்டாதி மாதங்களின் வெயில் இதற்கு மிகவும் ஏற்றது. பெரும்போக நாற்றுக்கு முன்னுள்ள ஓய்வுக்காலமும் அதுவே. மேடையைச் சமன்செய்து நன்றாக நனைத்து, தாளை மண்ணோடு ஒட்டும்படி இறுக விரித்து, ஓரங்களை மண்ணிற் புதைத்தல் வேண்டும். நான்கு வாரங்கள் விடுதல் நன்று. இயன்றால் ஆறு வாரங்கள் விடலாம்.

இங்கே பலர் தவறுமிடம் தாளின் நிறம். கறுப்புத் தாள் கூடுதலாகச் சூடேறுமென்று நினைத்து அதை விரிக்கின்றனர். கறுப்புத் தாள் தானே சூடேறும்; ஒளியை மண்ணுக்கு விடாது. ஒளிபுகும் தாள் விரித்த மேடையிலேதான் மேல்மண்ணின் வெப்பம் நண்பகலில் 45 முதல் 50 பாகை செல்சியசு வரை ஏறக்கூடும். மண் உலர்ந்திருப்பினும் பயன் குறையும், ஏனெனில் ஈரமே வெப்பத்தைக் கீழே கொண்டு செல்கின்றது. நுவரெலியா, வெலிமடை போன்ற முகில் மூடும் இடங்களில் இம்முறையை நம்புதல் கூடாது. அங்கே எரித்தலே தக்கது. அல்லது தும்புத்தூளும் கூட்டெருவும் நிரப்பிய நாற்றுத்தட்டுக்களில் விதைத்து, மண்தொடர்பை முற்றாகத் தவிர்க்கலாம்.

எவ்வழியால் தூய்மைசெய்தாலும், அதன்பின் மேடையை ஆழமாகக் கொத்துதல் ஆகாது. அடிமண் தூய்மைப்பட்டிராது. வேறு தோட்டத்துச் சேறு படிந்த மண்வெட்டியையும் அதில் வைக்கலாகாது. தூய்மைசெய்த மண்ணில் நன்மைசெய்யும் நுண்ணுயிர்களும் குன்றியிருப்பதால், புதிதாய்ப் புகும் நோய் அங்கே முன்னிலும் விரைவாகப் பரவும். திரைக்கோடேர்மா என்னும் நற்பங்கசு கலந்த கூட்டெருவை இத்தறுவாயில் இடுதல் பயனுடையது. பங்கசு நாசினியை ஊற்றிய மேடையில் அதை உடனே இட்டால் அதுவும் மடிந்துபோகும்.

விதைத்தலும் நீரூற்றலும்

நெருங்க விதைத்தலே நாற்றழுகலின் முதற்றோழன் எனலாம். கைநிறைய அள்ளி வீசுதலை விடுத்து, நான்கங்குல இடைவெளியுள்ள வரிசைகளில், அரையங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில், விதையொடு விதை முட்டாமல் இடுதல் வேண்டும். நெருங்கிய நாற்றுக்களிடையே காற்று நுழையாது, பனி உலராது. ரைசொற்றோனியா இழைக்கு அடுத்த நாற்று எட்டும் தூரத்திலேயே இருக்கும். விதைக்குமுன், பதிவுசெய்யப்பட்ட விதைநேர்த்தி நாசினியைச் சிட்டையிற் குறித்த அளவிற் கலத்தல் முளைக்கு முதல் வாரப் பாதுகாப்பாகும்.

மூடிய வைக்கோலை முளை தோன்றிய அன்றே எடுத்துவிடுதல் வேண்டும். ஒருநாள் தாமதித்தால் நாற்று வெளிறி நெடுத்து, நோய்க்கு இலகுவில் இரையாகும். கிடுகுப் பந்தலை மேடையிலிருந்து மூன்றடியேனும் உயர்த்தி, கடுவெயிலுக்கும் கடுமழைக்கும் மட்டும் நிழல்செய்து, நாளடைவிற் குறைத்துவருக. பூவாளியால் காலையில் நீர் ஊற்றுக. மாலையில் மேடையின் மேற்பரப்பு உலர்ந்து, விரலை அரையங்குலம் செலுத்தினால் ஈரந் தெரியுமாயின் அளவு சரியானது. பொழுதுபட்டபின் ஊற்றும் நீர் நாற்றுக்கன்றி நோய்க்கே பயன்படும்.

நோய் கண்டபின் செய்யவேண்டியன

முதலில் நீரை நிறுத்துக. பந்தலைத் திறந்து வெயிலும் காற்றும் படவிடுக. பின்னர் சாய்ந்த நாற்றுக்களோடு, திட்டின் விளிம்பைக் கடந்து இன்னும் ஒரு சாண் அகலத்தில் நலமாய் நிற்பவற்றையும், இரண்டங்குல மண்ணோடு அகழ்ந்து அகற்றி எரித்தல் வேண்டும். நல்ல நாற்றைப் பிடுங்க மனம் வராது. ஆயினும் விளிம்பில் நிற்பவை பெரும்பாலும் வேரில் நோயைக் கொண்டனவே. அவற்றைக் காப்பாற்ற முயல்வோர் மேடையையே இழக்கின்றனர்.

இதன்பின்னரே மருந்து. கப்தான் போன்ற பொதுவகைப் பங்கசு நாசினிகள் பல கிருமிகளைத் தடுக்கவல்லன. மெற்றலாக்சில் பித்தியத்தை அடக்கும். ரைசொற்றோனியாவை ஒன்றுஞ் செய்யாது. தயோபனேற்று மெதயில் வகை ரைசொற்றோனியாவை அடக்கும். பித்தியத்தை ஒன்றுஞ் செய்யாது. சென்றமுறை அயலவருக்குப் பலித்த மருந்து இம்முறை பலிக்காமைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. செப்பு மருந்துகள் பழமையானவை. அளவு மிகின் இளநாற்றைச் சுட்டுவிடும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி இந்நாட்டிற் பீடைகொல்லிகள் பதிவுசெய்யப்பட்டே விற்கப்படல் வேண்டும். பதிவு மாறக்கூடியதாகையால், வாங்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் பெயரையும் அளவையும் கேட்டறிதல் தக்கது. கலவையை இலையில் தெளித்தாற் போதாது. அடிமண் நனையும்படி பூவாளியால் ஊற்றுதல் வேண்டும்.

மருந்து பூசிய விதையைப்பற்றி ஓரெச்சரிக்கை. மிஞ்சிய விதையைக் கழுவிச் சமைக்கலாமென்றோ கோழிக்கு இடலாமென்றோ எண்ணுதல் பேராபத்து. 1971ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக்கு நாட்டில் விதைப்புக்கென வழங்கப்பட்ட, இரசமருந்து பூசிய கோதுமையையும் பார்லியையும் மக்கள் மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். அதனால் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கே இறந்தோர் 459 பேர். அவ்வகை இரசமருந்துகள் பின்னர் கைவிடப்பட்டன. இன்றைய நாசினிகளும் உணவல்ல. மிஞ்சிய விதையைக் குழந்தைகள் எட்டாத இடத்தில், பெயரெழுதிய தனிப் பொதியில் வைத்தல் வேண்டும்.

மேடையிற் பாதிக்குமேல் அழிந்துவிடின் மருந்துக்குச் செலவிடாது புதிய மேடை போடுவதே நலம். எஞ்சிய நாற்றுக்களைத் தோட்டத்தில் நட்டால் நோயும் உடன் செல்லும். இத்தகைய நிலை நேர்ந்தாற் காலம் இழக்கப்படாதிருக்க, முன்னெச்சரிக்கையுள்ளோர் விதையிற் காற்பங்கை ஒதுக்கிவைத்து, முதல் மேடை போட்டுப் பத்து நாட்களின்பின் வேறோரிடத்திற் சிறு மேடையொன்றில் விதைக்கின்றனர். முதல் மேடை தப்பினால் இரண்டாவது, நட்டபின் விழும் இடைவெளிகளை நிரப்ப உதவும்.

நோய் எதுவென்று துணிய இயலாதவர், சாய்ந்து உலர்ந்தவற்றையன்றி, அன்று காலையிற் சாயத் தொடங்கிய ஐந்தாறு நாற்றுக்களை வேரும் மண்ணும் சேர அகழ்ந்தெடுத்து, பொலித்தீனில் அன்றி ஈரமற்ற செய்தித்தாளிற் சுற்றி, அன்றே கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் வேண்டும். எப்பொழுது விதைத்தது, எந்நேரத்தில் நீர் ஊற்றுவது, சென்ற போகத்தில் அவ்விடத்தில் என்ன பயிர் நின்றது என்னும் மூன்றையும் ஒரு தாளிற் குறித்துச் செல்க.